சுருக்கமும் கேலிச்சித்திரமும்: இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறேன்

மலேசியாவில் படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் எடுக்கும் பிள்ளைகளிடம் எது கஷ்டம் என்று கேட்டால் இலக்கணம், செய்யுள் என்றுதான் சொல்வார்கள். அவை உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். பக்கத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும், பிள்ளைகள் உண்மையில் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும் இடங்கள் வேறு. ஒரு பத்தியைக் கொடுத்து அதைச் சுருக்கி எழுதச் சொல்லும் இடம் ஒன்று. ஒரு கேலிச்சித்திரத்தைக் காட்டி இதன் கருத்து என்ன என்று கேட்கும் இடம் இன்னொன்று. மனனம் செய்து வைத்த எதுவும் இந்த இரண்டுக்கும் உதவாது, அதனால்தான் அந்தத் தடுமாற்றம்.

நான் பினாங்கில், ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் வீட்டு முன்கூடத்தில் சனிக்கிழமைகளில் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சிலர் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள், சிலர் மலாய்ப்பள்ளியிலேயே தொடங்கியவர்கள். தமிழ் எடுத்தால் மதிப்பெண் கெட்டுவிடும் என்று வீட்டிலேயே பயமுறுத்தி, அதையும் மீறி எடுத்த பிள்ளைகளும் உண்டு. அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை. அவர்களோடு உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன், வீட்டில் பிள்ளைக்குச் சொல்லித்தரும் அம்மா அப்பாக்களுக்கும் பயன்படும் என்ற நினைப்பில்.

முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். சுருக்கம் எழுதுவதையும் கேலிச்சித்திரத்தைப் பகுத்துச் சொல்வதையும் தனித்தனிப் பாடமாக நடத்தாதீர்கள். ஒன்றைக் கற்றால்தான் மற்றது வருகிறது. கேலிச்சித்திரம் என்பது ஏற்கெனவே ஒருவர் சுருக்கி முடித்த கட்டுரை. அவர் எதை விட்டார், எதை வைத்தார், வைத்ததில் எதைப் பெரிதாக்கினார் என்று பார்க்கப் பழகிய பிள்ளைக்கு, தான் ஒரு பத்தியைச் சுருக்கும்போது எதை விடலாம் என்று தானாகத் தெரிகிறது. நம் முன்னோர்கள் இதை எப்போதோ ஒரே வரிசையில் வைத்துவிட்டார்கள்: தொல்காப்பியம் வழிநூலின், அதாவது முன்பே உள்ள நூலைத் தழுவி எழுதும் நூலின், வகைகளைச் சொல்லும்போது தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்று அடுக்குகிறது. சுருக்கம் தொகுத்தல், படத்தை விளக்குவது விரித்தல், அவ்வளவுதான்.

முதலில் சுருக்கத்தைப் பார்ப்போம்.

பிள்ளைகள் மலாய் வகுப்பில் ருமூசான், அதாவது சுருக்கம், எழுதிப் பழகியிருக்கிறார்கள், 120 சொல்லுக்குள் எழுதும் அந்தக் கேள்வி. வெளிப்படையாகச் சொல்லப்பட்டது தெர்சுராத், உள்ளே பொதிந்திருப்பது தெர்சிராத் என்ற பிரிவும் அவர்களுக்கு அத்துபடி. இது பெரிய வரம், தமிழ் ஆசிரியர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் அங்கிருந்து ஒரு பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது: முதல் வரியில் “இப்பத்தி இன்னதைப் பற்றிக் கூறுகிறது”, கடைசி வரியில் “முடிவாக, நாம் அனைவரும்…”. மலாய்த் தாளில் முன்னுரைக்கும் முடிவுக்கும் இடம் உண்டு, அங்கே அது சரி. தமிழில் இருபத்தைந்து முப்பது சொல்லில் சுருக்கு என்று கொடுத்தால் அந்த இரண்டு வரியே பாதி இடத்தைத் தின்றுவிடும். கேள்வி என்ன கேட்கிறதோ அதற்குத்தான் எழுத வேண்டும், வேறு தாளின் வாய்ப்பாட்டுக்கு அல்ல.

வகுப்பில் நான் அடிக்கடி கொடுக்கும், நானே எழுதிய பத்தி ஒன்றை அப்படியே தருகிறேன்:

“நாளுக்கு நாள் பெருகிவரும் நெகிழிப்பைகளால் நம் சுற்றுச்சூழல் சீர்கெட்டு வருகிறது என்றால் அது மிகையாகாது. கடை, சந்தை, பேரங்காடி என்று எங்குச் சென்றாலும் நெகிழிப்பை. இதைக் குறைக்கும் நோக்கத்தோடு பினாங்கு மாநிலம் 2009ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் திங்கட்கிழமைகளில் மட்டும் இலவச நெகிழிப்பை தருவதை நிறுத்தியது. படிப்படியாக நாள்களைக் கூட்டி, 2011 ஜனவரி 1 முதல் வாரம் முழுவதும் இந்த விதி நடப்புக்கு வந்தது. பை வேண்டுவோர் 20 காசு கொடுக்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் முகம் சுளித்த மக்கள், நாளடைவில் வீட்டிலிருந்தே துணிப்பை கொண்டு வரப் பழகிக்கொண்டனர்.”

60 சொல்லுக்குச் சற்று மேல். இதை 25 சொல்லுக்குள் எழுத வேண்டும். ஒரு பையன் எழுதியது:

“நெகிழிப்பைகளால் சுற்றுச்சூழல் சீர்கெட்டு வருகிறது. கடை, சந்தை, பேரங்காடி எங்கும் நெகிழிப்பை. இதைக் குறைக்கப் பினாங்கு மாநிலம் 2009 ஜூலையில் திங்கட்கிழமைகளில் இலவசப் பை தருவதை நிறுத்தியது. மக்கள் பழகினர். நாமும் நெகிழியைத் தவிர்ப்போமாக!”

எண்ணிப் பார்த்தால் சரியாக 25 சொல். எழுத்துப்பிழை இல்லை. படிக்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கே இடிக்கிறது என்று பையனுக்குச் சொல்ல எனக்கு நன்னூல்தான் கைகொடுத்தது. பவணந்தியார் நூலுக்கு வரும் குற்றங்கள் பத்து என்று ஒரு பட்டியல் தந்திருக்கிறார்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று போகும். அதில் கடைசிக்குப் பக்கத்தில் ஒன்று, சென்று தேய்ந்து இறுதல். தொடக்கத்தில் தடபுடலாகப் போய், போகப் போகத் தேய்ந்து, முடிவில் ஒன்றுமில்லாமல் போவது. பிள்ளைகள் எழுதும் சுருக்கத்தில் பத்துக்கு எட்டு இந்தக் குற்றம்தான். முதல் இரண்டு வாக்கியத்தை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, இடம் போய்விட்டதே என்று 2011ஐயும் 20 காசையும் கைவிட்டு, “மக்கள் பழகினர்” என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எதற்குப் பழகினார்கள்? சுருக்கத்தை மட்டும் படிக்கிறவருக்குத் தெரியாது.

கடைசி வாக்கியம் இன்னொரு குற்றம், மற்றொன்று விரித்தல். பத்தியில் யாரும் நம்மைத் தவிர்க்கச் சொல்லவில்லை. நல்ல எண்ணம்தான், ஆனால் அது பையனுடைய எண்ணம், பத்தியுடையது அல்ல. சுருக்கத்தில் நம் குரலுக்கு இடமில்லை என்பதைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச காலம் பிடிக்கிறது, ஏனென்றால் கட்டுரை எழுதும்போதெல்லாம் கடைசியில் ஓர் அறிவுரை வைத்தால்தான் முடிந்தது போல இருக்கும் என்று பழகிவிட்டார்கள்.

இப்போதெல்லாம் திருத்தும்போது ஓரத்தில் நீளமாக எழுதுவதில்லை. “குன்றல்”, “மிகை”, “கூ.கூ.”, “மற்”, “தேய்” என்று குறித்துவிடுவேன். என்ன குற்றம் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள், ஒருவர் தாளை ஒருவர் மாற்றித் திருத்தும்போது நண்பனுக்கு “தேய்” போடுவதில் அவர்களுக்கு அப்படி ஓர் உற்சாகம். அதே நூலில் பத்து அழகும் சொல்லியிருக்கிறது. அதில் முதல் இரண்டு சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல். இந்த இரண்டும் அடுத்தடுத்து நிற்பதைப் பிள்ளைகளிடம் காட்ட வேண்டும். சுருங்கச் சொல்லி விளங்காமல் போனால் அது அழகில் சேராது.

சரி, எப்படிச் சுருக்குவது? நான் சொல்லித்தரும் வரிசை இது. முதல் வாசிப்பில் கோடு போடவே கூடாது, பேனா மேசையில் இருக்கட்டும். படித்து முடித்துத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பத்தி என்ன சொன்னது என்று பக்கத்தில் இருக்கிறவரிடம் வாயால் சொல்ல வேண்டும். வாயால் சொல்லும்போது யாரும் “கடை, சந்தை, பேரங்காடி” என்று அடுக்க மாட்டார்கள், “மிகையாகாது” என்றும் சொல்ல மாட்டார்கள். “முன்ன திங்கட்கிழமை மட்டும் பை சும்மா கிடையாதுன்னாங்க, அப்புறம் எல்லா நாளும்னு ஆயிடுச்சு, வேணும்னா இருபது காசு, ஆளுங்களும் பழகிட்டாங்க” என்பார்கள். அதுதான் சுருக்கம்! எழுத்துத் தமிழுக்கு மாற்ற வேண்டியது மட்டும்தான் பாக்கி. இந்த ஒரு பயிற்சி மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும், வீட்டிலும் செய்யலாம்.

அடுத்ததாகத்தான் பென்சில். எடுத்துக்காட்டுகள், அடுக்குகள், உவமைகள், “என்பது குறிப்பிடத்தக்கது” வகையறாக்கள் எல்லாம் அடிபடும். தாள், போத்தல், டின் என்று மூன்று பொருள் வந்தால் மறுபயனீட்டுப் பொருள்கள் என்று ஒரே பெயருக்குள் அடக்கலாம். ஆண்டும் தொகையும் வந்தால் உடனே அடிக்காமல், அது இல்லாமல் சேதி நிற்குமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இந்தப் பத்தியில் 2009, 2011 இல்லாவிட்டால் படிப்படியாக வந்தது என்பதே போய்விடும். ஜூலை, ஜனவரி 1 போனால் ஒன்றும் குறையாது.

பிறகு வாக்கியங்களைக் கோப்பது. இங்கேதான் தமிழ் நமக்கு அள்ளித் தருகிறது. எச்சங்கள் இருக்கின்றனவே! “பினாங்கு இலவசப் பையை நிறுத்தியது. அது பிறகு விதியை விரிவாக்கியது” என்ற இரண்டு வாக்கியம் “நிறுத்திய பினாங்கு விரிவாக்கியது” என்று ஒன்றாகிவிடும், ஓர் எழுவாய் மிச்சம். பெயரெச்சத்தையும் வினையெச்சத்தையும் இலக்கண வகுப்பில் வட்டம் போட்டுக் காட்டுவதோடு விட்டுவிடுகிறோம், அவை எதற்கு உதவும் என்று பிள்ளைகள் நேரில் பார்ப்பது இந்த இடத்தில்தான். இலக்கணமே பிடிக்காத ஒரு மாணவி இங்கே வந்ததும் எச்சங்களைத் தேடித் தேடிக் கோக்க ஆரம்பித்ததைப் பார்த்து எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம்.

ஆனால் கோக்கும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. அந்த மாணவி எழுதினாள்: “…2011 முதல் அந்த விதியை எல்லா நாளுக்கும் ஆக்கி, பைக்கு 20 காசு வாங்கியதால் மக்கள் துணிப்பைக்குப் பழகினர்.” அழகான வாக்கியம். வகுப்பே நன்றாயிருக்கிறது என்றது. நான் மூலப் பத்தியை மறுபடி படிக்கச் சொன்னேன். 20 காசு கொடுக்க வேண்டியிருந்தது என்று இருக்கிறது, மக்கள் பழகினர் என்று இருக்கிறது, அதனால்தான் இது என்று எங்கே இருக்கிறது? “டீச்சர், அது உண்மைதானே” என்றாள். உண்மையாக இருக்கலாம் மா, ஆனால் பத்தி அதைச் சொல்லவில்லை. ஒரே ஒரு “ஆல்” புகுந்து, எழுதியவர் சொல்லாத காரணத்தை அவர் வாயில் வைத்துவிடுகிறது. இதைப் பற்றி நாங்கள் வெகுநேரம் பேசினோம். ஆல், ஆகவே, எனினும், ஆனால், இருந்தும் போன்ற சொற்கள் மூலத்தில் இருக்கின்றனவா, அல்லது நாமே போட்டுக்கொண்டோமா என்று தனியாக ஒரு முறை சரிபார்க்கும் வழக்கம் அதிலிருந்துதான் வந்தது. கடைசியில் பலகையில் நின்றது இது:

“நெகிழிப்பையைக் குறைக்க, 2009இல் திங்கட்கிழமைகளில் இலவசப் பையை நிறுத்திய பினாங்கு, 2011 முதல் அந்த விதியை எல்லா நாளுக்கும் ஆக்கியது, பைக்கு 20 காசு. முதலில் முகஞ்சுளித்த மக்கள் நாளடைவில் துணிப்பைக்குப் பழகினர்.”

24 சொல். இன்னும் நன்றாக எழுதலாம், மறுக்கவில்லை. எல்லாக் கருத்தும் இருக்கிறது, இல்லாதது எதுவும் இல்லை, அது போதும்.

சொல் எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் சேர்த்தெழுதினால் ஒன்று, பிரித்தெழுதினால் மூன்று. “வந்து கொண்டு இருக்கிறது” என்பதை “வந்துகொண்டிருக்கிறது” என்று எழுதுவது சரியான முறையும்கூட. ஆனால் எண்ணிக்கைக்காக, சேராததையெல்லாம் ஒட்டி ஒரு முழ நீளச் சொல்லை உண்டாக்கும் பிள்ளைகளை நான் தடுத்துவிடுவேன். படிக்கிறவர் மூச்சு வாங்கக் கூடாது.

இனி கேலிச்சித்திரம். சுருக்கம் முடிந்த மறு வாரம் அதே பத்தியை, அதாவது அந்த 24 சொல்லை, படமாக வரைந்துகொண்டு வரச் சொன்னேன். வரையத் தெரியாதவர்கள் குச்சி மனிதர்கள் வரைந்தால் போதும். பெரும்பாலானவர்கள் கடை, பை, குறுக்கே சிவப்புக் கோடு என்று விளம்பரப் பலகை மாதிரி வரைந்து வந்தார்கள். ஒரு பெண் மட்டும் வேறு விதமாக வரைந்திருந்தாள். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

ஓர் அம்மா கடையிலிருந்து வெளியே வருகிறார். தோளில் பெரிய துணிப்பை, அதில் “பூமியைக் காப்போம்” என்று எழுத்து. கண்ணை மூடி, முகவாயைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். பையின் வாய் திறந்திருக்கிறது. உள்ளேயிருந்து பிதுங்குவதெல்லாம் நெகிழிப்பைகள்: வெங்காயம் ஒரு பை, மீன் ஒரு பை, கறிவேப்பிலை ஒரு பை, எல்லாம் தனித்தனியாக முடிச்சுப் போட்டு. பின்னால் கல்லாவில் கடைக்காரர் கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கிறார்.

படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டி, வரைந்தவளை வாயே திறக்கக் கூடாது என்று சொல்லி உட்கார வைத்துவிட்டு, மற்றவர்களை எழுதச் சொன்னேன். முதலில் வந்த பதில்கள் எல்லா வகுப்பிலும் வருகிறவைதான். “இப்படம் நெகிழிப்பைப் பயன்பாட்டைப் பற்றியது.” இது தலைப்பு, கருத்து அல்ல. எதைப் பற்றி என்பது வேறு, அதைப் பற்றி என்ன சொல்கிறது என்பது வேறு. இன்னொருவன் படத்தில் இருப்பதையெல்லாம் வரிசையாக எழுதி நிறுத்திவிட்டான், கடைக்காரரின் சட்டைப் பொத்தான் வரைக்கும். மூன்றாவது ஆள் படத்தை விட்டே போய், நெகிழி மக்குவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று அறிவியல் கட்டுரை எழுதினான்.

இதற்கு நான் வைத்திருப்பது நோட்டுப் புத்தகத்தில் மூன்று நெடுவரிசை கொண்ட ஒரு கட்டம்: பார்த்தது, தெரிந்தது, சொல்ல வருவது. பார்த்ததில் கண்ணுக்குத் தெரிவது மட்டும், அபிப்பிராயம் கூடாது. “பெருமையாக நடக்கிறார்” என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். “கண்ணை மூடி, முகவாயைத் தூக்கி நடக்கிறார்” என்பதுதான் பார்த்தது. பெருமை என்பது இரண்டாவது நெடுவரிசைக்குப் போக வேண்டும். மூன்றாவதில் இவற்றைச் சேர்த்து, ஓவியர் எதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று ஒரே வாக்கியம். ஒவ்வொரு “தெரிந்தது”க்கும் இடப்பக்கத்தில் ஒரு “பார்த்தது” இருந்தாக வேண்டும். சாட்சி இல்லாத கருத்து செல்லாது. இந்த ஒரு விதியில் கண்டிப்பாக இருந்தால் பிள்ளைகள் படத்தை விட்டு ஓடவே மாட்டார்கள்.

கட்டத்தை நிரப்பியதும் வாக்குவாதம் தொடங்கியது, அதுவும் நல்ல வாக்குவாதம். கேலி யாரைப் பார்த்து? அந்த அம்மாவைத்தான் என்று பாதிப் பேர். இல்லை, கடைக்காரரை, எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொடுத்தது அவர்தானே, சிரிப்பதும் அவர்தானே என்று ஒருவன். அந்த அம்மா விதியை மீறவில்லையே டீச்சர், விதியிலேயே ஓட்டை இருக்கு, அதைத்தான் படம் சொல்லுது என்று ஒரு மாணவி. எனக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சாட்சி எங்கே, சாட்சி எங்கே என்று அவர்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். முடிவில் ஒரு மாணவன் எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது: “சுற்றுச்சூழலைக் காக்கும் முழக்கத்தைச் சுமந்துகொண்டே அதற்கு எதிரானதையும் சுமக்கும் முரணைத் துணிப்பையின் வழி ஓவியர் காட்டுகிறார். விதி கடைப்பிடிக்கப்படுகிறது, நோக்கம் நிறைவேறவில்லை என்பதே படத்தின் கருத்து.” படிவம் நான்கு மாணவன் எழுதியது.

பிறகு வரைந்தவளைப் பேச விட்டோம். கடைக்காரரை ஏன் வரைந்தாய் என்று கேட்டதற்கு, அந்தப் பக்கம் காலியாக இருந்தது, அதனால் வரைந்தேன் என்றாள். வகுப்பு சிரித்தது, கடைக்காரர் கட்சிக்காரனுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் அவன் சொன்னது தவறில்லை என்று நான் சொன்னேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். வரைந்தவர் மனத்தில் என்ன இருந்தது என்று தேர்வு எழுதும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தாளில் இருப்பது எதைத் தாங்குமோ அதைச் சொல்லலாம். கடைக்காரரின் கட்டைவிரல் அந்தக் கருத்தைத் தாங்குகிறது.

இன்னொன்றையும் அன்றைக்குப் பார்த்தோம். எங்கள் 24 சொல் சுருக்கத்தில் யார் பக்கமும் சாயவில்லை. அவள் படம் சாய்ந்தது. சுருக்குகிறவருக்குக் கருத்து கிடையாது, கேலிச்சித்திரம் வரைகிறவருக்குக் கருத்து மட்டும்தான் உண்டு, படத்தை விளக்குகிறவர் முதலில் ஓவியர் கருத்தைச் சொல்லி, கேட்டால் மட்டும் தன் கருத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் இந்த வேறுபாடு பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. தனித்தனியாக நடத்தியிருந்தால் நான் வாயால் சொல்லி அவர்கள் எழுதி வைத்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

எழுதும்போது வினைச்சொல்லில் கவனம் தேவை. எல்லா இடத்திலும் “கூறுகிறார்” என்று போட்டால் பதில் சப்பென்று இருக்கும். காட்டுகிறார், சுட்டுகிறார், கேலி செய்கிறார், சாடுகிறார், எச்சரிக்கிறார், ஏங்குகிறார் என்று படத்தின் தொனிக்கு ஏற்ற சொல் வேண்டும். மேலே உள்ள படத்துக்குச் “சாடுகிறார்” பொருந்தாது, அதில் கோபமில்லை. சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே பிள்ளை படத்தின் தொனியை முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது, அதனால்தான் இந்தப் பயிற்சியை விடுவதில்லை.

பினாங்கில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு வசதி, கேலிச்சித்திரங்கள் தெருவிலேயே கிடைக்கின்றன. ஜார்ஜ்டவுன் சுவர்களில் கறுப்பு இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த சித்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். 2009இல் மாநில அரசு நடத்திய போட்டியிலிருந்து பிறந்தவை, மொத்தம் 52, ஒவ்வொன்றும் அந்தந்தத் தெருவின் கதையைச் சொல்வது. சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் இருக்கும் ஆர்மேனியன் ஸ்திரீட் சுவரோவியத்துக்கு முன்னால்தான் கூட்டம் வரிசை பிடித்து நிற்கிறது, ஆனால் பாடத்துக்கு இந்தக் கம்பிச் சித்திரங்கள்தான் பொருத்தம். நிறமில்லை, பின்னணியில்லை, வெறும் கோடு. எதையெல்லாம் விட்டார்கள் என்று பிள்ளைகள் விரல் வைத்தே காட்டலாம்.

ஒரு விடுமுறை நாள் காலையில் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போனேன், லிட்டில் இந்தியாவில் பசியாறிவிட்டு நடந்தோம். கேனன் ஸ்திரீட்டில் இருக்கும் சித்திரத்தோடு ஒரு குறிப்பு உண்டு: 1867 கலவரத்தில் சுடப்பட்ட பீரங்கிக் குண்டுகள் உண்டாக்கிய ஓட்டைகளால்தான் தெருவுக்கு இந்தப் பெயர் வந்தது என்று. குறிப்பைக் கையால் மறைத்துவிட்டு என்ன புரிகிறது என்று கேட்டேன், ஆளுக்கொன்று சொன்னார்கள். கையை எடுத்ததும் படம் திறந்துகொண்டது. அப்புறம் நான் அந்தக் கலவரத்தைப் பற்றிச் சொன்னேன்: கீ ஹின், தோ பெக் கோங் என்ற இரண்டு சீனச் சங்கங்கள் மோதிக்கொண்டது, வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்று மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும் இருந்த சங்கங்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டது, அந்த ஆகஸ்டு மாதத்தில் பத்து நாள் போல ஊர் பற்றி எரிந்தது. நம்ம ஆளுங்களும் இதில் இருந்தாங்களா என்று ஒரு பையன் அதிர்ந்து போய்க் கேட்டான். அதற்குப் பிறகு அவர்கள் அந்தச் சித்திரத்தைப் பார்த்த பார்வையே வேறு. படத்துக்கு வெளியே இருக்கும் சேதி தெரியாமல் படத்தைப் படிக்க முடியாது, அதற்கு வேண்டியது செய்தித்தாள் வாசிப்பும் ஊர்ச் சரித்திரமும்தான், குறுக்கு வழி கிடையாது. திரும்பும் முன் அங்கேயே நடைபாதை ஓரம் நின்று, அந்தச் சித்திரத்துக்கு ஐந்து வாக்கியத்தில் விளக்கமும், பிறகு அந்த ஐந்தையும் ஒரே வாக்கியத்தில் சுருக்கமும் எழுதினார்கள். விரித்ததை மறுபடி தொகுப்பதுதான் இருப்பதிலேயே நல்ல பயிற்சி.

பிள்ளைகள் கேலிச்சித்திரம் என்றாலே ஆங்கிலப் பத்திரிகை சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். பாரதியார் 1906 முதல் ‘இந்தியா’ வார இதழில் கருத்துப்படங்களை வெளியிட்டார், படத்தோடு விளக்கமும் சேர்ந்து வந்தது என்று சொன்னால் நம்ப முடியாமல் பார்க்கிறார்கள். வாசகர்களுக்குப் படம் புரிய வேண்டும் என்பதில் அவர் அவ்வளவு அக்கறை காட்டியிருக்கிறார், இன்றைக்கு நாம் வகுப்பில் எழுதுவதும் அதே வேலைதான். நம் நாட்டுக் கேலிச்சித்திரக்காரர் லாட் வரைந்தவற்றையும் காட்டலாம். சொங்கோக் தொப்பி, தலைப்பாகை, வேட்டி, சட்டைப்பையில் செருகிய பேனா என்று ஒரு சின்ன அடையாளத்தில் ஆளைக் காட்டிவிடுவார், அதுதான் குறியீடு என்று பாடநூல் சொல்வதன் நேரடி எடுத்துக்காட்டு. அப்படிப்பட்ட அடையாளம் எப்போது அன்பாக இருக்கிறது, எப்போது ஓர் இனத்தையே மட்டம் தட்டுவதாக ஆகிவிடுகிறது என்பதையும் பேசியாக வேண்டும். நம் மாதிரி ஊரில் அதைப் பேசாமல் விடக் கூடாது.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: தமிழ் நாளிதழில் வரும் ஒரு கருத்துப்படத்தை வெட்டி, கீழே உள்ள வரியை மடித்து மறைத்துவிட்டுக் கொடுங்கள். பிள்ளை கட்டத்தை நிரப்பிய பிறகு மடிப்பைத் திறக்கட்டும். அதே நாள் இதழில் அந்தப் படத்துக்குக் காரணமான செய்தி எங்காவது இருக்கும், அதைத் தேடி எடுத்து 25 சொல்லில் சுருக்கச் சொல்லுங்கள். சுருக்கத்தையும் படத்தையும் ஒரே பக்கத்தில் ஒட்டி, ஓவியர் செய்தியில் எதை விட்டார், எதை வைத்தார், செய்தியில் இல்லாத எதைச் சேர்த்தார் என்று மூன்று வரி எழுத வேண்டும். மூன்றாவது வரிதான் கடினம். பெரும்பாலும் ஓவியரின் கருத்து அதில்தான் இருக்கும், அதனால் அங்கே மட்டும் பிள்ளைக்கு நேரம் கொடுங்கள், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.